ஐம்பதில் ஒரு பங்கு

ரெமி இந்த முறை சாக்லேட் கொண்டுவரவில்லை.
நீளக் குழாய் ஒன்று, அதற்குள் சுருட்டி
மூன்று தரைப்படங்கள்.
ஃபின்லாந்தில் மரத்தடி அடுக்கிக் கட்டுகிற வீடுகளாம்.
கப்பல் ட்ரை டாக்கில் கிடந்த ஐந்து மாதமும்
ஞாயிறுதோறும் அப்படி ஒரு வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்.
"மரத்துமேல மரம், செலஸ்தி.
உள்ள நுழைஞ்சா பிசின் வாசம்."

மூக்கையூரில் எங்களுக்கு இருப்பது ஆறு சென்ட்.
கடல் பார்த்த பக்கம் மணல், மறுபக்கம் கருவேலம்.
படத்தை விரித்தேன், நாலு மூலைக்கும் சங்கு வைத்து.

வாசலில் இரண்டு கதவு. நடுவில் ஓர் இடுக்கு,
குளிரை அங்கேயே பிடித்து நிறுத்த.
நிறுத்திவைக்க நம்மிடம் குளிர் ஏது?
கூரை பனி தாங்குமாம்,
சதுர மீட்டருக்கு இருநூற்றைம்பது கிலோ.
எங்கள் கூரைக்குத் தெரிந்த பாரம்
காய்கிற நெத்திலியும் அதைத் திருட வரும் காக்கையும்.
கறையானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.
வடக்குக்கு ஓர் அம்பு உண்டு,
கச்சான் எந்தச் சுவரில் அறையும்,
வாடை எந்த ஜன்னலைத் தட்டும்,
அதற்கு அம்பில்லை.

குளியலறையை ஒட்டி இன்னோர் அறை.
பலகைப் படி, மூலையில் கல் அடுக்கிய அடுப்பு.
"இது?"
"உள்ள உக்காந்து வேர்க்கிறது."
"வேர்க்கிறதுக்குன்னு தனி ரூமா?"
சித்திரையில் இந்த ஜில்லா முழுக்க
வேறென்ன செய்கிறோம்!
சிரித்த சிரிப்பில் ஒரு சங்கு உருண்டது,
அடுப்பின்மேல் படம் சுருண்டுகொண்டது.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள் நான்,
அளக்காமல் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
ஐம்பதில் ஒரு பங்கு அளவு.
பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிப்
பாய் செய்தேன், இருபத்து மூன்று.
சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வருகிற தலைக்கணக்கு.
ஆபீஸ் பஞ்ச் மெஷின் துப்பிய வட்டங்கள்
சரியாக ஒரு குடத்தின் அகலம்.
லாரி வருகிற நாளில் பதினாறு குடம்.

எழுபத்து நாலு மீட்டர் வீட்டில் ஒன்பது பாய்.
தொண்ணூற்றாறில் பதினான்கு,
சம்மனசு மதினி குறுக்கே படுக்காவிட்டால்.
பெரியதில் எல்லாரும் படுக்கலாம்.
குடத்துக்கு மட்டும் எதிலும் இடமில்லை,
குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று
நம்பி வரைந்திருக்கிறார்கள்.
வேர்க்கிற அறையில் வட்டங்களை அடுக்கினேன்.
பதினாறும் பொருந்தின.
ரெமி ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு மேலே ஒரு வெற்றுக் கோடு.
"வரையும்போது விட்டுப்போச்சா?"
இல்லையாம். மரம் காயக் காயச் சுவர் அமருமாம்.
மூன்று விரல் வெளி விடாவிட்டால்
கண்ணாடி நொறுங்கும்.
தூணுக்கடியில் திருகு ஜாக்கி வேறு,
வருஷாவருஷம் கொஞ்சம் இறக்கித் தர.

கஸ்பார் அண்ணன் போன வருஷம் கட்டினார்,
சிமெண்டில், இம்மி வெளி விடாமல்.
உப்பு குடித்த கம்பி இப்போது
அடையடையாய்ச் சுவரைப் பிதுக்குகிறது.
அதை நினைத்தேன்.
வந்த முதல் பத்து நாள்
நாலு மணி வாட்ச்சுக்கு எழுந்து உட்கார்ந்து
என்ஜின் சத்தம் எங்கே என்று தேடுகிற
இந்த மனுஷனையும் நினைத்தேன்.
அதற்கும் மூன்று விரல் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்,
எந்தப் படத்திலும் அது இல்லை.

"அப்ப எது?" என்றார்.
"விலை என்ன?" என்றேன்.
கப்பல் கூலி சேர்க்காமல் ஒரு தொகை சொன்னார்.
சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.
அப்போது போயிருந்த கரண்ட் வந்தது.
டேபிள் ஃபேன் தலையைத் திருப்பி ஒரு மூச்சு விட்டது.
குடங்கள் தரையெல்லாம் சிதறின.
பாய்கள் சுவர் தாண்டி, இரட்டைக் கதவு தாண்டி,
கூரையில்லாத பலகை முற்றத்துக்குப் போய்
ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன.
மே மாதம் நாங்கள் படுக்கிறது அப்படித்தான், வெளியே.

ஒரு பாய் மட்டும்
வேர்க்கிற அறையிலேயே கிடந்தது.
அது யாருடையது என்று
நான் கேட்கவில்லை.