பார்க்காமல் இருத்தல்

ஜூலையில் ஒரு நாள்
தார்த்து நகரத்து எறும்புகளுக்கெல்லாம்
ஒரே மாலையில் சிறகு முளைக்கும்.
ஏழாம் எண் பேருந்தின் முன்கண்ணாடியைத்
துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.
விடுமுறை என்று கூடவே வந்த லேலோ
கடைசி நிறுத்தத்தில் இறங்கி
என் காபிக் கோப்பையைத் தரையில் கவிழ்த்து
இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.
"அம்மா, ராணி.
சிறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டாள்."

பேருந்து நான்கு நிமிடம் தாமதம்.
நான் எழுதிக் கொடுத்த காரணம்: போக்குவரத்து நெரிசல்.

அரண்மனைக்குச் செலவு அதிகமில்லை.
ஒரு சோதனைக் குழாய். கொஞ்சம் தண்ணீர்.
தண்ணீரை அடைக்கப் பஞ்சு, வாசலை அடைக்கப் பஞ்சு,
நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு நாடு.
சாப்பாடு? என்றேன்.
"வேண்டாம். இனிமேல் பறக்கப் போவதில்லையே,
பறக்க வைத்த தசையைக் கரைத்துத்தான்
பிள்ளைகளுக்கு ஊட்டுவாள்."
ஒன்பது வயது.
உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியபடி
இதைச் சொன்னாள்.

காலுறை இழுப்பறைக்குள் வைத்தோம்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கலாம்,
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்,
பத்து எண்ணும் வரை.
எண்ணுகிறவள் லேலோ. பத்தரை கிடையாது.

முதல் ஞாயிறு எட்டு முட்டை,
உப்புக்கல்லை உடைத்த தூளில் எட்டு.
அடுத்த ஞாயிறு பதினான்கு.

செவ்வாய் இரவு வேலை முடிந்து வந்தேன்.
விழித்திருக்கும் யாரையாவது
ஒரு தரம் பார்த்துவிட்டுப் படுக்கத் தோன்றியது.
பிள்ளை போர்வைக்குள் போயிருந்தாள்.
சிவப்புத் தாளைத் தேடவில்லை.
கைப்பேசி வெளிச்சம்.
பத்து எண்ணினேனா, தெரியாது.
புதன்.
வியாழனும்.

ஞாயிறு, ராணி கொலுவிருந்தாள்.
முட்டை ஒன்றுகூட இல்லை.
லேலோ அழவில்லை.
"தின்றுவிட்டாள். ஆபத்து என்று தோன்றினால் தின்பாள்.
யாரோ வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள்."
லிஃப்டின் அதிர்வாக இருக்கும், என்றேன்.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

கண்பட்டுவிட்டது என்பார்களே,
பட்டது இந்த இரண்டு கண்தான்.
ராத்திரி பாத்திரம் கழுவும்போது சொன்னேன்,
முதுகைக் காட்டிக்கொண்டு.
நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
"எதற்குப் பார்த்தாய்?"
செத்துக் கிடப்பாளோ என்று.
"நீ தூங்கும்போது
நான் வந்து உன்னை உலுக்குவதில்லையே."

மறுநாள் இழுப்பறையில் ஒரு காகிதம்:
தீயணைப்புப் படை, போலீஸ், அம்மா,
யாரும் திறக்கக் கூடாது.

ஆகஸ்ட் நடுவில் ஐந்து முட்டை.
பிறகு புழு, பிறகு அரிசிமுனை போலக் கூடு.
அக்டோபரில் ஒரு ஞாயிறு
லேலோ ஏழு வரை எண்ணி நின்றுவிட்டாள்.
நான்கு பேர்.
வெளிறி, கால் சரியாக ஊன்றத் தெரியாமல்,
ராணியின் தலையைத் தடவிக்கொண்டு.
எட்டு வரவே இல்லை.
சட்டத்தை முதலில் மீறியவள் நான்,
இரண்டாவது அவள்.
குண்டூசித் தலையளவு தேன் வைத்தோம்.
ஒருத்தி குடித்துவிட்டுப் போய்
அம்மா வாயில் ஊட்டினாள்.
நாங்கள் இருவரும் அப்போது
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நவம்பர். எமாயொகி ஆற்றின் ஓரங்கள் உறைகின்றன.
குழாய் இப்போது குளிர்பதனப் பெட்டியில்,
வெண்ணெய்க்கும் ஊறுவெள்ளரிக்கும் நடுவே;
மார்ச் வரை உறக்கம்.
கதவைத் திறந்தால் எரிகிற உள்விளக்கை
லேலோ கழற்றி வைத்துவிட்டாள்.
விடியற்காலை நாலே கால்,
முதல் பேருந்துக்கு முன்னால் ஒரு காபி.
இருட்டில் கைவிட்டுத் தடவி எடுக்கிறேன்.
சில நாள் கையில் வருவது பால்.
சில நாள் மோர்.