கதவு வளையம்

வூச் நகரத்தில் பனி ஈரமாய் விழுகிறது.
நின்றுபோன பட்டறைக்கு மேல்மாடியில்
தெக்லாவின் மேஜை விளக்கு மட்டும்.
கீழே நானூற்றுப் பன்னிரண்டு சலவை இயந்திரங்கள்
வாயைத் திறந்தபடி வரிசையில் நிற்கின்றன,
பல் வைத்தியரிடம் அழைத்து வந்த பிள்ளைகளாய்.

மோட்டார் இத்தாலியிலிருந்து சொன்ன நேரத்துக்கு வந்தது.
டிரம் அடுத்த தெருவில் செய்தது.
மின்தகடோ மூன்று கடல் தாண்டி
ஒரு நாள் முன்னதாகவே வந்து
கிடங்கில் இடமில்லையென்று திட்டு வாங்கியது.
வராதது ஒன்றுதான்:
கதவைச் சுற்றி உட்காரும் சாம்பல் நிற ரப்பர் வளையம்.
விலை, கேன்டீனில் ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாதாம்.
இந்தக் கப்பல் கவிழவில்லை.
ரோட்டர்டாம் வாசலில் பதினேழாவதாய்
நங்கூரம் போட்டு நிற்கிறது.
கவிழ்ந்திருந்தால் காப்பீடாவது கிடைத்திருக்கும்.
திரையில் அது ஒரு பச்சை முக்கோணம்;
ஆறு நாளாய் அசையாத முக்கோணம்.
தெக்லாவின் கன்னத்தில் கை.

இரண்டு வருடத்துக்கு முன்
இதே கையால்தான் எழுதினாள்:
'இருப்பு என்பது தூங்கும் பணம்.'
இருபத்தொரு நாள் இருப்பை
நான்கு நாளாக்கிக் காட்டினாள்.
வித்தோல்ட் எழுந்து நின்று கைதட்டினார்.
சுழலும் இந்த நாற்காலி
அந்த மிச்சத்தில் வந்ததுதான்.

இரவு இரண்டு மணி.
ஹாய் ஸுவாங்கில் காலை எட்டு.
"திரு. தோவான், ஐயாயிரம் வளையம்,
வெள்ளிக்குள், விமானத்தில்."
மறுமுனையில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம்.
பிறகு, "முடியும்."
அந்த முடியுமுக்கு முன்னால்
ஒரு மூச்சு இருந்தது.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

வந்துவிட்டன.
வளையத்தைவிட வளையம் வந்த வழிக்கு
நாலு மடங்கு செலவு; யாரும் கேட்கவில்லை.
தெக்லா பெட்டிகளைத் தானே பிரித்தாள்.
ஒவ்வொன்றிலும் சோதனைச் சீட்டு:
தேதி, மணி, சோதித்தவரின் முத்திரை எண்.
செவ்வாய் காலை ஆறு. இருபத்தேழு.
செவ்வாய் மதியம் இரண்டு. இருபத்தேழு.
செவ்வாய் இரவு பதினொன்று. இருபத்தேழு.
புதன் விடியல் நாலரை,
முத்திரை தலைகீழாய் விழுந்திருந்தது.
இருபத்தேழுதான்.

எண்களைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு.
படித்தாள். கூட்டினாள்.
சீட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

கீழே பெல்ட் நகர்ந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு வாய்களும்
ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன.
'அனைவருக்கும் நன்றி' என்று
அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது.
அந்த அனைவரில் ஹாய் ஸுவாங் இல்லை.

தெக்லா அட்டவணையைத் திறந்து
நான்கை ஒன்பதாக்கினாள்.
கட்டம் சிவந்தது. காரணம் கேட்டது:
வானிலை, துறைமுகம், வேலைநிறுத்தம், மற்றவை.
மற்றவையை அழுத்தி
இருபத்தேழு என்று அடித்தாள்.
'எண் செல்லாது. சொற்களில் விளக்கவும்.'

டிராம் ஏறும்வரை
சொல் எதுவும் வரவில்லை.

வீட்டில் அழுக்குத் துணியைத் திணித்தாள்.
கதவை மூடுமுன்
வளையத்தின் மடிப்புக்குள் விரலை விட்டு
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.
நல்ல வேலை. பிசிறே இல்லை.
ஒன்றரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.
உள்ளே அத்தனை தண்ணீர் புரண்டு மோதியும்
ஒரு சொட்டு வெளியே வரவில்லை.