நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது

மூடியைத் திறந்து பாருங்கள் என்றான்
கொம்தார் கடைப் பையன் வெய் லூன்.
ஒற்றை விரல் போதுமாம்.
போதுமாகத்தான் இருந்தது.
கீழ்ப்பாகம் மேசையை விட்டு எழவே இல்லை.

அடுத்த மேசையில்
ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்கு ஒன்று.
அதே அகலத் திரை, அதே நினைவகம்,
பையும் மவுசும் இலவசம்.
குணாளன் கைப்பேசியில் வகுத்தான்.
"இந்தக் காசுக்கு அதுல மூணு வாங்கலாம்.
மிச்சம் தொண்ணூத்தொன்பது வெள்ளி,
குடும்பத்தோட நாசி கண்டார் சாப்பிடலாம்."

பிழையில்லாத கணக்கு.
பிழையில்லாத கணக்கோடு
எப்படிச் சண்டை போடுவது?

எனக்கு மட்டும் தெரியாதா என்ன.
பதினோரு வருஷமாய்ப் பாயான் லெப்பாஸில்
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் நிற்கிறேன்.
ஒரே வட்டத் தகட்டில் பிறந்த சில்லுகள்.
வேகமாய் ஓடுவது முதல் தட்டுக்கு,
கொஞ்சம் மூச்சு வாங்குவது இரண்டாவதுக்கு.
பிரிப்பது இயந்திரம்,
தட்டு நிறைந்தால் மாற்றுவது நான்.
"அக்கா கல்யாணம் ஹோட்டலில்,
தங்கச்சிக்குப் பொது மண்டபம்" என்பாள் ரோஸ்னானி
ஒவ்வொரு தட்டையும் மூடும்போது.
விலைச்சீட்டு ஒட்டுவதற்கு முன்பே
அவற்றைப் பார்த்தவள் நான்.

ஆனாலும் வாங்கினேன்.

மாமியாரிடம், கம்பெனிக் கழிவு என்றேன். பொய்.
ரோஸ்னானியிடம், பதினெட்டு மாதத் தவணை, வட்டி இல்லை என்றேன்.
அது மெய்தான், ஆனால் காரணம் இல்லை.
குணாளனிடம், ஏழு வருஷம் உழைக்கும் என்றேன்.
யார் கண்டது.

ஆசையே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.
ஐஸ் கச்சாங் கிண்ணத்தின் அடிப்புறம்போல்
குளிர்ந்திருந்தது அதன் முதுகு.
கையை எடுக்க
நேரம் பிடித்தது.

பழையதைச் சொல்ல வேண்டும்.
கீல் உடைந்து, மைலோ டின்மேல் சாய்ந்தபடி
மூன்று வருஷம் ஓடியது.
வேலை முடிந்து கம்பெனி பஸ் என்னை
சுங்கை ஆராவில் இறக்கிவிட மணி பன்னிரண்டாகும்.
குளித்து, ஆறிய சோற்றைத் தின்று,
கணக்கியல் பாடத்தைத் திறந்தால்
மூன்றாவது நிமிடம் அதன் விசிறி அலறும்.
ஓரறை வீடு.
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்
கவிலன் எழுந்து உட்காருவான்:
"அம்மா, பிளேன்."
விமான நிலையம் பக்கத்தில்தான்,
பிளேன் எல்லாம் அவனுக்குத் தாலாட்டு.
இந்தப் பிளேன் மட்டும்
கட்டிலுக்கு அடியில் இறங்கியது.
மூடிவிடுவேன்.
மறுநாளும் அதே பக்கம், மறுநாளும் மூடுவேன்.
தேர்வுக்கு இருந்தது எட்டு வாரம்.

அதனால் வெய் லூனிடம்
நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி:
இது சத்தம் போடுமா?
"இதில் விசிறியே கிடையாது, அக்கா."
குனிந்து காதை வைத்தேன்.
கீழே யாரோ கரவோகே பெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள்,
எஸ்கலேட்டர் முனகியது,
குணாளன் இன்னும் வகுத்துக்கொண்டிருந்தான்.
அதனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அன்றிரவு தேய்மானப் பாடம்.
பயிற்சி நான்கு: ஒரு சொத்தின் கொள்விலை,
அது பயன் தரும் ஆண்டுகள்,
கடைசியில் தேறும் மதிப்பு.
புத்தகத்து லாரியை அடித்துவிட்டு
என் விலையை எழுதினேன்.
ஆண்டுகள் என்ற இடத்தில்
பேனா நின்றது.

கவிலன் புரண்டு படுத்தான். எழவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த குணாளன்
பின்னால் நின்று கேட்டான்,
"ஓடுதா?"
"ஓடுது."
அவனும் குனிந்து காதை வைத்தான்,
என்னைப் போலவே.
பிறகு நிமிர்ந்து,
மூலையில் உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டியை
முதன்முதலாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தான்.