கேள்வி பதினான்கு

எலிஃபண்டா படகுத்துறையில்
காலை ஒன்பதரையிலிருந்து தலைகளை எண்ணுகிறேன்.
கட்டைவிரலின் கீழ் எண்ணும் கருவி
டிக் டிக் என்று, வெட்டுக்கிளி போல.

ஆய்வேட்டின் மூன்றாம் இயல்: தாங்குதிறன்.
ஒரு தீவு எத்தனை பேரைத் தாங்கும்
என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது.
கலீனாவில், ஏசி அறையில்,
விடை சரியாகத்தான் வந்தது.

கேள்வி பதினான்கு:
வருகிறவர்கள் அதிகமா, போதுமா, குறைவா?
ஏதேனும் ஒன்றில் குறியிடவும்.
மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவியபடி
சுலோச்சனா மாத்ரே சொன்னாள்:
"திங்கட்கிழமை."

திங்கட்கிழமைக்குக் கட்டம் இல்லை.
அன்று குகைக்கு விடுமுறை.
'பொருந்தாத பதில், நீக்கிவிடலாம்' என்று
ஓரத்தில் எழுதினார் நெறியாளர் பட்வர்தன்.

நீக்குமுன் ஒரு திங்களன்று
ஊர்க்காரர் படகில் போனேன்,
அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே.
படிக்கட்டு முழுக்கக் காலி.
நீலத் தார்ப்பாய்களை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
குரங்குகள் துறைவரை இறங்கி வந்து
என் பையைப் பார்த்தன, பிறகு என்னை.

சுலோச்சனா கால் நீட்டி உட்கார்ந்து
போனில் ஓடும் சீரியலின் மாமியாரைத்
திட்டிக்கொண்டிருந்தாள்.
பின்பக்கக் கிணற்றில் யாரோ
அவசரமில்லாமல் வாளி இறக்கும் சத்தம்.
ஞாயிறு மாலை கயிறு எட்டாதாம்.

"இன்றைக்கும் வந்துவிட்டாயா?"
கோபமா என்று தெரியவில்லை.
மாங்காய் தரவில்லை. உட்காரச் சொன்னாள்.

படகு திரும்பும்வரை உட்கார்ந்திருந்தேன்.
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
சட்டைப்பைக்குள் கட்டைவிரல்
தானாக ஒருமுறை அழுத்தியது:
டிக்.