மூன்றாவது இழுப்பறையில்

அடுத்து வருபவளே,
உன் பெயர் எனக்குத் தெரியாது.
நாளை மதியம் சாவியை ஒப்படைக்கிறேன்.
இதை மூன்றாவது இழுப்பறையில் வைக்கிறேன்.
வீட்டைச் சோதிக்க வருகிறவர் இரண்டாவதோடு நின்றுவிடுவார்;
அதன் கைப்பிடி ஆடுகிறது,
குறிப்பெழுத அவருக்கு அது போதும்.

முதலில் கார்.
ஃபேர்பேங்க்ஸில் கார்களுக்கு
மூக்கிலிருந்து வால் தொங்கும்.
எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பி அது;
அக்டோபருக்குள் பொருத்திவிடு.
டெக்சஸிலிருந்து வந்த நாங்கள் பார்த்துச் சிரித்தோம்.
நவம்பரில் சிரிப்பு நின்றது,
வண்டியும்.

பெட்டிகளை எண்ணாமல் கையெழுத்துப் போடாதே.
லாரிக்காரர் அவசரப்படுவார், படட்டும்.
எங்களுக்கு இருநூற்றுப் பதினான்கு.
எண்பத்தேழு மட்டும் வரவில்லை.
இழப்பீட்டுப் படிவம் கேட்டது:
உள்ளே இருந்தது என்ன, மதிப்பு என்ன.
மூன்று வருஷமாக யோசிக்கிறேன்.
தொலைந்ததைவிட
தொலைந்தது எதுவென்று தெரியாததுதான்
இரவில் எழுப்புகிறது.
ஆகவே பெட்டியின்மேல் 'சமையலறை' என்று எழுதாதே.
'நீலக் கிண்ணம், பூரிக்கட்டைபோல் வளைந்த கரண்டி, மெழுகுவர்த்தி' என்று எழுது.

குப்பைக்கூடையை முந்தின இரவே காலி செய்.
அவர்கள் எதையும் கட்டிவிடுவார்கள்.
ஐந்து வாரம் கடல்வழி வந்து இறங்கியது
எங்கள் எல் பாசோ குப்பை,
வெள்ளைக் காகிதத்தில் மரியாதையாகச் சுற்றி:
ஆரஞ்சுத் தோல், மளிகை ரசீது,
வெஸ்லியின் ஒற்றைக் காலுறை.
திறந்ததும் பழைய வீட்டு வாசனை.
கொட்ட மனமில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.
டுவேனிடம்கூடச் சொன்னதில்லை.

பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை,
பள்ளிக் கோப்பு, அதிகாரப் பத்திரம்,
பணியாணையின் பத்து நகல்,
எல்லாம் உன் மடியில் வரட்டும், லாரியில் அல்ல.
முதல் வாரமே அவருக்குக் களப்பயிற்சி வரும்.
வராது என்பார்கள்.
வரும்.

எல்லாப் படிவத்திலும் நீ 'சார்ந்திருப்பவர்'.
வாதாடாதே, எழுதிக் கொடு.
மைனஸ் நாற்பதில் குழாய் உறைந்த இரவு
ஒரு கையில் தலைமுடி உலர்த்தி,
மறு தோளில் தூங்கும் குழந்தை.
அப்போது நான் சார்ந்திருந்தது
நாற்பத்தொன்றாம் எண் வீட்டு டெல்ஃபினாவை.
அவளிடம் ஏணி உண்டு, வெல்டிங் விளக்கு உண்டு,
பொறுமை கிடையாது.
ஏணி வாங்கினால் அன்றே திருப்பிக் கொடு.

ஜூனில் நடுநிசி நெருங்கியும் வெளிச்சம் போகாது;
பிள்ளைகளின் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டு.
டிசம்பர்ப் பகல் நாலு மணி நேரம்கூட இல்லை.
அதற்கு ஒட்ட எதுவும் கிடைக்கவில்லை எனக்கு.
மதியம் பன்னிரண்டுக்கு
என்ன வேலை இருந்தாலும் வெளியே போய் நில்.

பள்ளியில் கேட்பார்கள், சொந்த ஊர் எது என்று.
வெஸ்லி திருப்பிக் கேட்டான்: "எந்த வருஷத்தில்?"
டீச்சர் சிரித்தாராம்.
அவன் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறான்.

ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைத்திருக்கிறேன்.
சுவரில் புதினா வாசம் வந்தால்
தப்பாக நினைக்காதே.

பனிவாரி கதவுக்குப் பின்னால்.
எடைக் கணக்கு மீறிவிட்டது,
லூயிசியானாவில் அதற்கு வேலையும் இல்லை.
காம்பில் நான்கு பெயர்கள் கீறியிருக்கின்றன,
எனக்கு முன்னே இங்கே அள்ளியவர்கள்.
ஐந்தாவதாக எழுதலாம் என்று பேனா தேடினேன்.
கட்டிவிட்டார்கள்.
இது வெஸ்லியின் பென்சில்,
முனையும் மழுங்கிவிட்டது.

இன்னொன்று.
எண்பத்தேழு என்று எழுதிய பெட்டி
என்றாவது இந்த வாசலில் வந்து இறங்கினால்
திறந்து பார்.
பயன்படுவதை வைத்துக்கொள்.
என்ன இருந்தது என்று மட்டும்
டெல்ஃபினாவிடம் சொல்லிவை.
எங்கள் புது முகவரி
இன்னும் வரவில்லை.