நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

தமுக்கம் மைதானம், கடை எண் எழுபத்தொன்று.
எடுத்தீர்கள், பின்னட்டையைத் திருப்பினீர்கள்,
முந்நூற்று இருபது ரூபாய் என்றதும்
சுட்டதுபோல் வைத்துவிட்டீர்கள்.
ஒரு நிமிஷம், மன்னிக்கணும்.
நான் கடைக்காரன் இல்லை.

செ. அமலோற்பவம். முப்பத்தொரு வருஷம்
செவ்வாய்தோறும் நாலாம் பக்கம்,
ராசிபலனுக்கு மேலே, டயர் விளம்பரத்துக்கு ஒட்டி.
விளம்பரம் வீங்கிய வாரங்களில்
கட்டுரையின் கடைசிப் பத்தி காணாமல் போகும்.
இதில் எல்லாப் பத்தியும் இருக்கிறது.
அதற்கே கொடுக்கலாம் நூறு ரூபாய்.

முன்னுரையைத் தாண்டிவிடுங்கள்,
யாரோ முன்னாள் துணைவேந்தர்,
தன் வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்கிறார்.
ஜிகர்தண்டா பற்றியும் ஒன்று உண்டு.
அதை யார்தான் எழுதவில்லை.
மாட்டுத்தாவணிக் கட்டணக் கழிப்பறை வாசலில்
சில்லறை இல்லாமல் நின்ற
நிறைமாதக்காரி பற்றி ஒன்று.
படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

பிறகு
நூற்று நாற்பத்து மூன்று.
செல்லூர். ஐப்பசி மழை.
வாய்க்கால் வேலைக்குத் தோண்டி மூடாத குழி.
ஒன்றாம் வகுப்புப் பையன்.
தெருவே தண்ணீராய்க் கிடந்தால்
குழி எது, தெரு எது?

பெயர் எதுவும் போடவில்லை.
"பகுதியின் இளநிலைப் பொறியாளர்"
என்று ஒரே ஒரு இடத்தில்.
நான்தான்.
பரமக்குடிக்கு மாற்றினார்கள். போனேன்.
பையன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

போனவன் சும்மா இருந்தேனா.
நாலடிப் பள்ளம் என்று எழுதியிருந்தார்.
நாலடி இல்லை. அளந்தவன் நான்.
மூன்றேமுக்கால்.
பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்பினேன்,
அளவுப் புத்தக நகலோடு,
தேதி, கையொப்பம், முத்திரையோடு.

அடுத்த செவ்வாய்
எழுத்து குறையாமல் அச்சாகியிருந்தது.
என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.
பார்த்துவிட்டு
தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள்,
அன்றைக்கு வேறொன்றும் பேசவில்லை.
கடிதத்துக்குக் கீழே இரண்டு வாக்கியம்:
"அளவுக்கு நன்றி.
பையனின் உயரம் மூன்றரை."

அதையும் சேர்த்திருக்கிறார்கள்,
நூற்று நாற்பத்தாறின் அடியில், பொடி எழுத்தில்.
நின்றபடியே படித்துவிடலாம்,
அரை நிமிஷம்கூட ஆகாது.
நின்றபடி படிக்க வேண்டாம்.

வாங்கிக்கொள்ளுங்கள்.
பத்து சதவீதம் கழிவு உண்டு.
கேட்டால்தான் தருவார்கள்.