கோலி

ஜூலை. மும்பையில் எதுவும் காய்வதில்லை.
லாக்கரில் வைத்த தோல் செருப்பு
பச்சையாய்ப் பூத்திருக்கிறது.
பூசணம் பூத்தது என்கிறோம்.
மல்லிகைக்குச் சொல்லும் வினையை
இதற்கும் தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

ஸ்கேன் மேசையில் வெள்ளைப்பாண்டி.
தாராவியில்
மழை குடித்த காகிதக் கட்டுகளைப் பிரிக்கிறவர்.
இருமலில் ரத்தம்.
கைக்குட்டையை மடித்து மடித்து
உள்பக்கத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார்.

பதினொரு வருஷம் முன்னால் டிபி. குணமாகிவிட்டது.
இப்போது இருமலைக் கேட்டதுமே
தெருமுனை கிளினிக்கில் மறுபடி அதே மாத்திரை.
இரண்டு மாதமாய் ஆரஞ்சு மூத்திரம்,
எட்டு கிலோ இறங்கிய உடம்பு,
சளியில் கிருமி இல்லை
இல்லை
இல்லை என்று மூன்று சீட்டு.
வராத திருடனுக்கு விடிய விடியக் காவல்.

மூச்சை இழுங்க. பிடிங்க. விடலாம்.
நாள் முழுக்க ஹிந்தியில் சொல்வதை
அவருக்குத் தமிழில் சொன்னேன்.

திரையில், வலது நுரையீரலின் மேல்மாடியில்
பழைய நோய் காலிசெய்துவிட்டுப் போன பொந்து.
அதற்குள் ஓர் உருண்டை.
உருண்டையின் தலைமேல்
நகக்கண் அளவுக்குக் காற்றுப்பிறை.

டாக்டர் ஷிர்சாட் பின்னால் வந்து நின்றார்.
பேசவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்:
குப்புறப் படுக்கச் சொல்.

கவிழ்ந்தார்.
பிறை இடம் மாறியது.
உருண்டை உள்ளுக்குள்ளேயே உருண்டு
எதிர்ச்சுவரில் போய் உட்கார்ந்தது.
கட்டி இப்படி நடமாடாது.

காலியாக் கிடந்த இடத்துல பூசணம் பிடிச்சு
உருண்டையாயிருக்காம், என்றேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
"இந்த ஊர்ல கோலி காலியாக் கிடந்தா
எவன் விடுவான்?
பகடி இல்ல, வாடகை இல்ல,
வந்து உக்காந்துட்டான்."

தாராவியில் ஒற்றை அறைக்குக் கோலி என்று பேர்.
உருட்டி விளையாடும் குண்டுக்கும் அதே பேர்.
இரண்டும் அவர் நெஞ்சில்
ஒன்றுக்குள் ஒன்று.

ரத்தப் பரிசோதனையும் பூஞ்சை என்றே சொன்னது.
முதலில் டிபி மாத்திரையை நிறுத்தினார்கள்;
அது உள்ளே இருக்கும்வரை
புது மருந்தை ஈரல் தங்கவிடாதாம்.
புதுசு, சாப்பாட்டோடு மட்டும்.
நெஞ்செரிச்சல் மாத்திரை கூடவே கூடாது.
கால் வீங்கினால் சொல்ல வேண்டும்.
ரத்தம் கோப்பை அளவு வந்தால்
நடுச்சாமமானாலும் ஓடிவர வேண்டும்.
ஆறு மாதம். மேலும் ஆகலாம்.
அறுத்தெடுப்பது
மூச்சின் கையிருப்பைப் பார்த்துத்தான்.

ஜனவரியில் மறுபடி வந்தார். நாலு கிலோ ஏறியிருந்தது.
"இன்னும் இருக்கானா?"
இருக்கான். பெருக்கல.
"வேலை?"
"அதே காகிதந்தான். மாஸ்க் குடுத்திருக்காங்க, வேர்க்குது."

கைக்குட்டையை உதறி விரித்து
முகம் துடைத்துக்கொண்டார்.